தூங்கவிடாத சிஸ்டர்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசைமேல் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண்மூடுவது என் வழக்கம். ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த எங்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் அதை எல்லோரும் மதித்தார்கள். எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர்கள் வாசலுக்குப் போய்ப் பேசுவார்கள். போன்கூட அந்த நேரத்தில் அதிகம் அடிக்காது. அப்படி ஒரு மதியம் யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நான் அசையவில்லை. அடுத்து என் நெற்றியைப் பிடித்து நிமிர்த்தி, கட்டைவிரலால் என் இமையைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தது ஒரு முகம். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி, தோளில் மூட்டை மாதிரி ஒரு கறுப்புக் கைப்பை.

“யாருங்க நீங்க? அறிவிருக்கா?” என்று கத்தினேன்.

“நல்லது,” என்றார் அந்த அம்மாள். “திட்டுறீங்க. மூச்சு நல்லா இருக்கு.”

அப்புறம் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, தான் ஓய்வுபெற்ற நர்ஸ் என்றும், எங்கள் டிரஸ்டில் சம்பளமில்லாமல் வேலை செய்யப்போவதாகவும் சொன்னார். செய்யலாமா என்று கேட்கவில்லை. அன்றே வாசலில் நிறுத்தி அனுப்பியிருக்கலாம். எனக்குத் தூக்கக் கலக்கம்.

எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். வெள்ளைப் புடவையைப் பார்த்துக் கன்னியாஸ்திரி என்று நினைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. “நான் மடத்து சிஸ்டர் இல்ல, ஆஸ்பத்திரி சிஸ்டர்,” என்று திருத்துவார். சாந்தோமில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடியில் தனியாக இருந்தார். தினமும் காலையில் சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு விடுதலை.

அவருக்கு ஒரே ஒரு குணம். தூங்குகிறவர்களைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார். யாராக இருந்தாலும் எழுப்பிப் பார்த்துவிட வேண்டும். முதலில் காதருகே இரண்டு முறை கூப்பிடுவார். பிறகு தோளை உலுக்குவார். அதற்கும் அசையாவிட்டால் கையை மடக்கி, விரல் முட்டியால் நெஞ்செலும்பின் நடுவில் நறநறவென்று தேய்ப்பார். பிணத்தைத் தவிர யாரும் அதற்கு எழாமல் இருக்க முடியாது. ஆட்டோவின் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த டிரைவர்கள், லஸ் பக்கத்து ஏடிஎம் காவலாளி, மரத்தடியில் இஸ்திரி வண்டிக்காரர் என்று அவரிடம் முட்டி வாங்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. எல்லோரும் திட்டினார்கள். திட்டத் திட்ட அவர் முகம் மலரும். புகாரெல்லாம் என்னிடம்தான் வரும். “உங்க ஆபீஸ் நர்ஸம்மாவ கொஞ்சம் கட்டிப் போடுங்க மேடம்,” என்று ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள்.

ஒரு டிசம்பரில் என் சித்தப்பா பேத்தி பாடுகிறாள் என்று மயிலாப்பூர் சபா ஒன்றுக்கு இவரையும் அழைத்துக்கொண்டு போய்த் தொலைத்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், கண்ணை மூடி, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஆலாபனை நடுவில் சிஸ்டர் எழுந்து போய் அவர் மார்பில் முட்டியை வைத்துத் தேய்த்துவிட்டார்.

“என்ன பண்றேள் நீங்க?” என்று அவர் மனைவி சீறினாள். “அவர் ஒண்ணும் தூங்கலை. ராகத்தை அனுபவிச்சுண்டிருக்கார்.”

பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, “காபி வந்துடுத்தா?” என்றார்.

மேடையில் என் சித்தப்பா பேத்திக்கு ராகம் எங்கே விட்டது என்று தெரியவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிஸ்டரோ வெளியே வந்ததும், “தூங்கினார்தான், மேனேஜரம்மா. நீங்களே கேட்டீங்கல்ல?” என்றார்.

பறக்கும் ரயிலிலும் இதே கதைதான். ஒரே ஒரு முறை, தரமணி வரும்போது இவர் எழுப்பிய ஐடி கம்பெனிப் பையன் எழுந்து முறைத்து, ஜன்னலைப் பார்த்து, “ஐயோ, என் ஸ்டேஷன்!” என்று ஓடினான். கதவருகே திரும்பித் தாங்க்ஸ் ஆன்ட்டி என்றான். அவருடைய வாழ்க்கையில் எழுப்பியதற்கு நன்றி வாங்கியது அநேகமாக அன்றுதான். அதைப் பல மாதங்கள் சொல்லிக் காட்டினார்.

இப்படி ஒருவர் இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? பெற்ற பிள்ளை தூக்கத்திலேயே போயிருப்பான், அந்த அதிர்ச்சி என்று கதை கட்டினார்கள். நானும் பாதி நம்பினேன். ஒரு நாள் மெதுவாகக் கேட்டே விட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“எனக்குக் கல்யாணமே ஆகல. சோகக் கதையெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஆபரேஷன் முடிஞ்சு மயக்கத்துல வெளிய கொண்டாருவாங்கல்ல, அந்த ரூம்லதான் எனக்குக் கடைசி வரைக்கும் டூட்டி. பேரச் சொல்லிக் கூப்பிடணும், எழுப்பணும், மூச்ச பாக்கணும். அதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. ரிட்டையர் ஆயிட்டா கை சும்மா இருக்குமா?”

அந்தக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அதனால்தான் எங்கள் டிரைவர்களைத் தேடி வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்களிடம் இரண்டு ஆம்புலன்ஸ்கள் இருந்தன. டயாலிசிஸ் போகிறவர்கள், கீழே விழுந்த பெரியவர்கள், பிரசவ வலி வந்தவர்கள் என்று சுற்று வட்டாரத்துக்கு இலவசமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். வண்டி சின்னது என்பதால் கடற்கரையோரக் குப்பங்களின் சந்துகளில் எங்களால்தான் முதலில் நுழைய முடியும். அந்த வருடம் அங்கிருந்து வாலிபப் பையன்களை ஏற்றி வரும்படி ஆனது. வலிக்குக் கொடுக்கிற மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் பரவியிருந்தது. எங்கள் வண்டி போய்ச் சேரும்போது அந்தப் பையன்களுக்கு உதடு நீலமாகியிருக்கும். வீட்டில் கேட்டால், நல்லா குறட்டை விட்டுத் தூங்கினான், சரி தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம் என்பார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று தலையை ஆட்டுவார்.

“அந்த மாத்திரை ஓவராப் போனா, மூச்சு விடணுங்கறதயே உடம்பு மறந்துடும்,” என்று சிஸ்டர் டிரைவர்களுக்குச் சொன்னார். “ஞாபகப்படுத்தறதுக்கு ஒரு ஊசி இருக்கு. நலாக்சோன். அது ஆஸ்பத்திரி அலமாரில இருந்து என்ன புண்ணியம்? வண்டில இருக்கணும்.”

டிரஸ்டிகளிடம் பேச வேண்டியவள் நான். மருந்துக்குப் பொறுப்பேற்க ஒரு டாக்டரைப் பிடித்து அனுமதி வாங்க வேண்டியவள் நான். ஒவ்வொரு படியிலும் என் பின்னால் நின்றுகொண்டு, “ஆச்சா, மேனேஜரம்மா?” என்று நச்சரிக்க வேண்டியவர் அவர். டிரைவர்களுக்கோ துளியும் இஷ்டமில்லை. சீனியர் டிரைவர் ஏழுமலை நேரடியாகவே சொன்னார்: “வண்டி ஓட்டறது நம்ம வேல. ஊசி போடறதெல்லாம் நம்ம வேல கெடையாது சிஸ்டர்.” இன்னொருவர் சாதிக் பாய். ராயப்பேட்டைக்காரர், பயந்த சுபாவம். “ரோட்ல சிரிஞ்சோட நின்னுகினு இருந்தா போலீஸ்காரன் என்னியத்தான் மொதல்ல புடிப்பான்,” என்றார். டாக்டரின் அனுமதியை லேமினேட் செய்து வண்டியில் மாட்டிய பிறகுதான் சமாதானமானார்.

பயிற்சி என்று அவர் எங்களைப் படுத்திய பாட்டை என்ன சொல்ல! தண்ணீர் அடைத்த கண்ணாடிக் குப்பிகளான ஆம்ப்யூல்களை ஒடித்துப் பழகச் சொன்னார். அலுவலகம் முழுக்கக் கண்ணாடித் துண்டு, எல்லோர் விரலிலும் பிளாஸ்திரி. ஊசி குத்திப் பழகச் சாத்துக்குடி வாங்கி வந்தார். தண்ணீர் ஏறி வீங்கிய சாத்துக்குடிகளை வீணாக்கக் கூடாது என்று, பார்க்க வந்த டிரஸ்டி ஒருவருக்கு அதையே பிழிந்து கொடுத்துவிட்டார். பாவம், அவர் முழுவதையும் குடித்துவிட்டு, “இப்பல்லாம் பழத்துல ருசியே இல்ல,” என்று சொல்லிப் போனார்.

“மருந்து ரெண்டாவது. மூச்சு முதல்ல,” என்பதை மந்திரம்போல் சொல்ல வைத்தார். தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதுவதை ரப்பர் பொம்மையிடம் செய்யச் சொன்னார். ஏழுமலை அந்தப் பொம்மைக்கு முத்தம் கொடுக்க மாட்டேன் என்று ஒரு வாரம் அடம் பிடித்தார். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு செய்தார்.

ஒரு நாள் நோயாளியாகப் படுக்கச் சொன்ன சாதிக் பாய் நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட ஆரம்பித்தார்.

“இதைக் கேளுங்க,” என்றார் சிஸ்டர். “இது தூக்கக் குறட்டை. சீரா வருது. மாத்திரை போட்டவன் குறட்டை வேற.” தொண்டையில் தண்ணீர் நின்று கொப்பளிப்பது மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார். நிறுத்தினார். நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி அந்தச் சத்தம்.

ஏழுமலை வாய்விட்டுச் சிரித்தார். “நம்ம வூட்டாண்ட வந்து பாரு பாய். எம்புள்ள அச்சு அசலா இப்படித்தான் குறட்ட உடுவான்!”

சாதிக் பாய் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிஸ்டர் சிரிக்கவில்லை.

“பையனுக்கு என்ன வேலை?” என்று கேட்டார்.

“பந்தல் வேல. சாரத்துல இருந்து உயுந்துட்டான் சிஸ்டர், போன வருசம். முதுகுல அடி. அதுக்கு மாத்திரை துன்னுக்கினு இருக்கான்.”

“யார் எழுதிக் கொடுத்த மாத்திரை?”

ஏழுமலையின் முகம் மாறியது. “எம்புள்ள அந்த மாதிரி கெடையாது,” என்று எழுந்து போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால் அவர் சிஸ்டர் இல்லையே. மறுநாள் காலையிலிருந்து ஏழுமலை வந்ததும் வராததுமாக, “பையன் எழுந்துட்டானா?” என்பார். வணக்கத்துக்குப் பதில் இதுதான். ஏழுமலை முதலில் முணுமுணுத்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் என்னிடம் வந்தார்.

“மேடம், வேல வேணாம்னா சொல்லிடுங்கோ. தெனம் எம்புள்ள செத்துட்டானான்னு கேக்கறா மாதிரி கீது.”

நான் சிஸ்டரைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த அளவு நாசூக்காகச் சொன்னேன். “நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தா நாம எல்லாரும் நிம்மதியா இருக்கலாம் சிஸ்டர்.”

“அவன் தூங்கற நேரத்துல ஒரு தரம், ஒரே ஒரு தரம் எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் கேக்க மாட்டேன்.”

இதை ஏழுமலையிடம் நான் எப்படிச் சொல்வது? சொன்னேன். “வேலைக்கிப் போயி அசந்து தூங்கறவன எழுப்பினா பாவம் மேடம். எம்பொண்டாட்டி கிட்டகூட விடமாட்டா,” என்றார். இருவருக்கும் நடுவில் நான் ஒரு வேளை காபி நிம்மதியாகக் குடித்ததில்லை.

சிவப்புப் பைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் நலாக்சோன் ஆம்ப்யூல்கள், சிரிஞ்ச், கையுறை, மூச்சு ஊதும்போது வாய்க்கு நடுவில் வைக்கிற உறை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கொக்கி அடித்து அதில் மாட்டினார் சிஸ்டர். “வண்டில எல்லாத்தையும்விட இதுதான் ஒசத்தி. கொக்கியை விட்டு இறங்கக் கூடாது,” என்று சட்டம் போட்டார். காலையிலும் மாலையிலும் வந்து தொட்டுப் பார்ப்பார்.

அந்த வருட ஆயுத பூஜை வந்தது. எங்கள் அலுவலகத்தில் அதன் நாயகர் ஏழுமலைதான். இரண்டு வண்டிகளையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சுவரில் மாட்டிய சாமி படத்துக்குக் கீழே மேசை போட்டு எல்லாக் கருவிகளையும் அடுக்கிவிடுவார். ஸ்பானர், ஜாக்கி, ஸ்ட்ரெச்சர், என் கால்குலேட்டர் வரை சந்தனமும் குங்குமமும் உண்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. அவசரத்துக்கு ஒரு வண்டி மட்டும் ஓடும். அதைச் சாதிக் பாய் பார்த்துக்கொள்வார். ரம்ஜானுக்கு ஏழுமலை அவருடைய டூட்டியைப் பார்ப்பார். அது அவர்களுக்குள் எத்தனையோ காலமாக இருக்கும் ஏற்பாடு.

கற்பூரம் காட்டி முடித்து, பொரி கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்தார். நேராக வண்டிக்குப் போனார். திரும்பி வந்தார். மேசையைப் பார்த்தார். சாமி படத்துக்கு மிக அருகில், எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு சிவப்புப் பைகளும் சாமந்திப் பூ சூடி உட்கார்ந்திருந்தன.

“இதை யார் எடுத்தது?” என்று அவர் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த பொரி கொட்டியது.

“நான்தான்,” என்றார் ஏழுமலை. “எல்லாத்தவிட ஒசத்தின்னு நீங்கதான சொன்னீங்கோ? அதான் சாமியாண்ட வெச்சேன்.”

“இன்னிக்கு யாருக்காவது தேவைப்பட்டா?”

“ஒரு நாளு சிஸ்டர். ஒரே நாளு. சாமி பாத்துக்கும்.”

“வண்டி ஓடுது, பை மட்டும் ஓடாதா? ஒண்ணையாவது எடுங்க.”

“பூஜைல வெச்சத எடுத்தா குடும்பத்துக்கு ஆவாது.”

நான் நடுவில் புகுந்தேன். சிஸ்டர், பண்டிகை நாள், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றேன். ஏழுமலை, ஒன்றுதானே, எடுத்துவிடுங்கள் என்றேன். இருவரும் என்னை நாற்காலி மேசையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அதற்குள் சிஸ்டர் நடுங்குகிற கையை நீட்டி, ஒரு பையைப் பூவும் சந்தனமுமாக எடுத்து, வண்டிக்குக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டிவிட்டார்.

ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. “எம்புள்ள மேல கண்ணு வெச்ச. இப்ப எஞ்சாமி மேலயும் கை வெச்சுட்ட,” என்றார். அதுவரை அவரை நீங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் அதற்கும் அசரவில்லை. “வீட்டுக்குப் போய் அவனை எழுப்பிப் பொரி குடுங்க. உங்களத் திட்டினான்னா, நாளைக்கு வந்து என்னைத் திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் கேட்டுக்கறேன்.”

ஏழுமலை பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடியே போய்விட்டார். சிஸ்டரின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில், நாளை முதல் நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து, கொட்டிய பொரியைக் கூட்டி அள்ளி, மிச்சப் பொட்டலங்களை அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்து, மறுபடி வாயைத் திறந்தபோது என் செல்போன் அடித்தது.

“மேடம்,” என்றது ஏழுமலையின் குரல். “எழ மாட்டறான் மேடம். சிஸ்டர் தேச்சா மாதிரி தேச்சுட்டேன். எழ மாட்டறான்.”

அந்த வண்டியில் எனக்கு என்ன வேலை என்று இன்றுவரை தெரியாது. ஏறிவிட்டேன். சாதிக் பாய் சைரனை அலறவிட்டுக்கொண்டு லஸ் வழியாகச் சாந்தோம் பக்கம் இருந்த ஏழுமலை வீட்டுக்கு விரட்டினார். ஒவ்வொரு கடை வாசலிலும் திருஷ்டிப் பூசணிக்காயை உடைத்துப் போட்டிருந்தார்கள். சக்கரம் வழுக்கி வழுக்கிப் போனது. சிஸ்டர் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “மருந்து ரெண்டாவது, ஏழுமலை. மூச்சு முதல்ல. தலையச் சாய்ங்க. ஊதுங்க. நிறுத்தாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுமுனையில் பேச்சு இல்லை. ஒரு பெண்ணின் அழுகை மட்டும் கேட்டது.

குடிசை மாற்று வாரியக் கட்டடம், இரண்டாவது மாடி. பாயில் பையன் மல்லாந்து கிடந்தான். ஏழுமலை மண்டியிட்டு, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய நெற்றிக் குங்குமம் பையனின் முகமெல்லாம் அப்பியிருந்தது. முதலில் ரத்தம் என்றே நினைத்தேன். தரையெங்கும் பொரி.

“தூங்கறான்னுதான் உட்டேன், லீவு நாளாச்சேன்னு,” என்று அவர் மனைவி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பாய், நீங்க போடுங்க,” என்றார் சிஸ்டர்.

“நானா?”

“என் கையப் பாருங்க. நீங்கதான்.”

சாதிக் பாய் ஏதோ ஓதிக்கொண்டே ஆம்ப்யூலை ஒடித்தார். தொடையில் குத்தினார். ஏழுமலை ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. சிஸ்டர் பையனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொண்ணு,” என்றார். இரண்டாவது ஆம்ப்யூலில் பாயின் விரல் கிழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. எல்லோரையும் கூப்பிட்டிருப்பேன்.

பையனின் மார்பு தானாகத் தூக்கிப்போட்டது. பெரிதாக ஒரு மூச்சு. இருமல். கண்ணைத் திறந்தான். தன் முகத்துக்கு மேலே தகப்பன் முகத்தைப் பார்த்தான்.

“யோவ், இன்னாத்துக்குய்யா எழுப்பின?” என்று ஆரம்பித்து, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் தகப்பனையும், எங்களையும், எங்கள் வண்டியையும் திட்டினான். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். வாந்தி எடுத்துவிட்டு மறுபடி திட்டினான்.

சிஸ்டர் சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தார். “திட்டறான்,” என்றார். “நல்லது.” முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். உடனே, “ஊசியோட வேகம் குறைஞ்சா மறுபடி தூங்கிடுவான். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. என்ன வேடிக்க?” என்று எங்களை விரட்டினார். வர மாட்டேன் என்று உதைத்தவனை ஏழுமலை தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ ஏழுமலை சிஸ்டருக்கு நன்றி சொன்னார் என்று நினைக்காதீர்கள். சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பியதும் அந்தப் பையில் இருந்த சந்தனத்தைத் துடைக்கக் கூடாது என்று அடுத்த சண்டையை ஆரம்பித்தார். மருந்துப் பையில் பூசை மிச்சம் இருக்கக் கூடாது, கிருமி வரும் என்று சிஸ்டர் கத்தினார். இருவரும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு, சந்தனம் வெளிப்பக்கம் மட்டும் இருக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

பையன் உடனே திருந்திவிட்டானா என்றால், இல்லை. மறுவாழ்வு மையத்துக்குப் போனான், ஓடி வந்தான், மறுபடி போனான். “பையன் எழுந்துட்டானா?” என்று சிஸ்டர் தினமும் கேட்டார். ஏழுமலையும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு சிஸ்டருக்கு முழங்கால் முடியாமல் போனது. தூத்துக்குடியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன அன்று மதியம் மேசையில் தலையைச் சாய்த்தேன். யாரும் எழுப்பவில்லை. தூக்கமும் வரவில்லை. அந்த எரிச்சலும் அவர் மேல்தான் போனது.

போன மழைக்காலத்தில் அவருடைய தங்கை போன் செய்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாராம். “நல்லா அசந்து தூங்கினா. பாவம், தூங்கட்டும்னு விட்டுட்டோம். சாயங்காலம் காபிக்குக் கூப்பிட்டா...” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஊரையெல்லாம் எழுப்பிக்கொண்டு திரிந்த மனுஷியை, ஒருவர், ஒரே ஒருவர், தோளைத் தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? வயதாகிவிட்டது, எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டார் என்று தெரியும். தெரிந்து என்ன? சரிம்மா என்று போனை வைத்துவிட்டு, வெறும் சுவரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அன்று ஏழுமலைக்கு லீவு. நேரில்தான் சொல்ல வேண்டும் என்று ஆட்டோ பிடித்துப் போனேன். அதே இரண்டாவது மாடி, அதே பாய். பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். இப்போது மறுபடி பந்தல் வேலைக்குப் போகிறான் என்று அவன் அம்மா சொன்னாள். ஏழுமலை எனக்கு நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், “யாரும் எழுப்பிப் பாக்கலியா மேடம்?” என்று கேட்டார்.

நான் இல்லையென்று தலையசைத்தேன்.

அவர் எழுந்தார். பாயருகே போய் உட்கார்ந்து இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார். தோளை உலுக்கினார். பிறகு கையை மடக்கி, பையனின் நெஞ்சில் முட்டியை வைத்துத் தேய்த்தார். பையன் கண்ணைக்கூடத் திறக்காமல் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

“தெனம் இதே ரோதனையாப் போச்சு உன்னோட! உசுரோடதான் கீறேன் நைனா, அப்பால போ!” என்று சுருக்கென்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“திட்டறான் மேடம்,” என்றார்.